டாபின்ஸ் கல்லூரியின் நீர்வீழ்ச்சி

அலபாமாவின் தென்கோடியில் உள்ள டாபின்ஸ் கல்லூரியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணி, ஆண்டுதோறும் மேக்னோலியா பல்கலைக்கழகத்திடம் தவறாமல் தோற்று வந்தது. போன வருடம் எழுபத்தேழுக்கு மூன்று. அந்த மூன்றும்கூட மரியாதைக்காக விட்டுக்கொடுத்தது என்று ஊரில் பேச்சு.

இத்தகைய ஏற்றத்தாழ்வு விளையாட்டின் மாண்புக்கு உகந்ததல்ல என்று லீக் தலைமையகம் கருதியது. ஆகவே போட்டிச் சமநிலை ஆணையம் ஒன்றை நிறுவியது. ஆணையர் நேரில் வந்து பார்த்து, 'பின்தங்கிய அணி' என்று சான்றிதழ் கொடுத்துவிட்டால், அந்த அணியின் ஆட்டக்காரர்களை ஓராண்டுக்கு எந்தக் கொம்பனும் இழுத்துக்கொண்டு போக முடியாது.

கோச் வெர்லின் டாட்லாக் அந்தச் சான்றிதழுக்காகத் தவம் கிடந்தார். காரணம், மார்க்வெல் ரிடிக். அணியின் குவாட்டர்பேக், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவன். மைதானத்தின் பாதி தூரத்துக்கு எறிந்து, ஓடுகிறவன் நெஞ்சில் கொண்டுபோய் வைப்பான். டாட்லாக்கின் வாழ்நாளில் அப்படி ஒருவன் வாய்த்ததில்லை. மேக்னோலியா அதற்குள் மோப்பம் பிடித்துவிட்டது.

ஆய்வுக்கு இரண்டு நாள் முன்பு அவர், சர்ச் மாதர் சங்கத் தலைவியும் மைதானத்து வேர்க்கடலைக் கடைக்காரியுமான ஒலேட்டாவைக் கூப்பிட்டார்.

"ஒலேட்டாக்கா, கெஞ்சிக் கேக்குறேன். வர்றவன் கண்ணுக்கு நம்ம லட்சணம் அப்படியே தெரியணும். எதையும் தொடாதீங்க. கூரை ஒழுகட்டும், துண்டு நாறட்டும்."

"விருந்தாளி வர்ற இடத்தைக் குப்பையா வைக்கச் சொல்றியா வெர்லின்? எங்கம்மா கல்லறையிலேர்ந்து எழுந்து வந்து என்னை அறைவா."

"விருந்தாளி இல்லக்கா, ஆய்வுக்கு வர்றவன்."

"சாப்பிடுவான்ல? அப்ப விருந்தாளிதான்."

டாட்லாக் தலையில் அடித்துக்கொண்டார். அந்த ஊரில் பட்டினி கிடந்தாலும் கிடப்பார்கள். அதை வெளியாள் பார்க்க விடமாட்டார்கள்.

ஆய்வு நாளன்று ஆணையர் முனைவர் ப்ரெஸ்காட் ஆஷ்கோம் வந்து இறங்கியதும் பேண்டு வாத்தியம் முழங்கியது. கட்சி மாநாடு போல ஊரே திரண்டு நின்றது. பொரித்த கோழி, புகையில் வெந்த பன்றி விலா, பெக்கான் கொட்டை வைத்துச் சுட்ட பை, ஜாடி ஜாடியாக இனிப்புத் தேநீர். உடைமாற்றும் அறைக்கு இளநீல வண்ணம் அடித்திருந்தார்கள். கூரை ஒழுகும் மூலையில் வாளி தெரியாதபடி கல் அடுக்கி, பெரணிச் செடி வைத்து, கிறிஸ்துமஸ் விளக்குச் சரத்தையும் சுற்றியிருந்தாள் ஒலேட்டா. முந்தின நாள் பெய்த மழை சளசளவென்று அதில் இறங்கிக்கொண்டிருந்தது.

ஆணையர் பக்தியோடு நின்றார். "உள்ளரங்க நீர்வீழ்ச்சி!"

"சார், அது கூரை ஓட்டை," என்றார் டாட்லாக்.

"தண்ணி மேலேர்ந்து கீழ விழுதா?"

"விழுது சார்."

"அதைத்தானே நீர்வீழ்ச்சிங்கிறோம்? மேக்னோலியாவிலயும் ஒண்ணு இருக்கு. ஆக, சமம்." குறித்துக்கொண்டார். "ஆட்டக்காரங்க ஓய்வெடுக்க இடம்?"

"ஏது சார்? வாடகை குடுக்க வழியில்லாம ரெண்டு பசங்க சாமான் அறையில படுத்துக் கிடக்கிறானுங்க."

"வளாகத்துக்குள்ளேயே தங்கும் வசதி. சமம். முடிதிருத்தும் நிலையம்?"

"கடைக்குப் போகக் காசு இல்லாத பயலுகளுக்கு நானே வெட்டி விடுறேன் சார்."

ஆணையரின் பேனா நின்றது. "தலைமைப் பயிற்சியாளரே முடி வெட்டுறாரா?"

"ஆமா சார்," என்றார் டாட்லாக், நம்பிக்கையோடு. இதைக் கேட்டால் கல்லும் உருகும் என்று நினைத்தார்.

"மேக்னோலியாவில இதுக்குச் சாதாரண ஆள்தான் வச்சிருக்காங்க," என்றார் ஆணையர், பொறாமை கலந்த குரலில்.

இரண்டாவது துண்டு பெக்கான் பையையும் முடித்துக்கொண்டு அவர் புறப்பட்டார்.

ஆணை அடுத்த வாரமே வந்தது. மேற்படி கல்லூரி இரண்டு இனங்களில் மேக்னோலியாவுக்கு நிகராகவும், ஒன்றில் மேலோங்கியும் காணப்படுவதால், சான்றிதழ் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. மேலும், மேலோங்கிய அணியால் நலிந்த அணிக்கு ஏற்பட்டுள்ள பாதிப்பை ஈடுசெய்யும் பொருட்டு, ஆட்டக்காரர் ரிடிக் அவர்கள் மேக்னோலியாவுக்குச் சமநிலைப்படுத்தப்படுகிறார்.

டாட்லாக் தலைமையகத்துக்குப் போன் போட்டுக் கத்தினார். "எழுபத்தேழுக்கு மூணுன்னு தோத்தவன் சார் நான்!"

"ஆணையம் வசதிகளைத்தான் பார்க்கும் கோச். ஆட்டப் புள்ளி விளையாட்டுத் துறை சம்பந்தப்பட்டது," என்று பதில் வந்தது.

ஒலேட்டா அந்த ஆணைக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினாள். "எது எப்படியோ, நம்மள ஏழைன்னு எழுதல பாரு," என்றாள்.

ரிடிக் விடைபெற வந்தபோது கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "நானா கேட்டுப் போகல கோச்."

"தெரியும்டா தம்பி. உடம்பைப் பாத்துக்க. ஹெல்மெட்டை மட்டும் வச்சிட்டுப் போ, அடுத்து வர்றவனுக்கு வேணும்." டாட்லாக்குக்கு வயிறெரிந்தது. அக்கிரமம், பட்டப்பகல் கொள்ளை என்று ஒரு வாரம் எதிரில் வந்தவரிடமெல்லாம் சொல்லித் தீர்த்தார். ஊராரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். சனிக்கிழமை ஆட்டம் வந்ததும் மேக்னோலியா தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு, டிவியில் ரிடிக்கைப் பார்த்து, "எங்க ஊர்ப் புள்ள!" என்று விசிலடித்தார்கள்.

ஹோம்கமிங் நாள் நெருங்கியது. பழைய மாணவர்கள் குடும்பம் குட்டியோடு வருகிற அன்றைக்குத் தோற்றால் கல்லூரி தாங்காது. அதனால் எந்தக் கல்லூரியும் அதற்கென்றே தன்னைவிட நோஞ்சான் அணியாகப் பார்த்து அழைக்கும். டாபின்ஸும் வழக்கப்படி, மலைப்பக்கத்து பெத்தேல் கேப் வேதாகமக் கல்லூரியை அழைத்திருந்தது. ஆனால் டாட்லாக்குக்கு எறிய ஆள் இல்லை. பெத்தேல் கேப்பில் எறிகிற பையன் ஒருவன் இருப்பதாகக் கேள்விப்பட்டார்.

"அவனுக்கும் முன்னேற ஒரு வாய்ப்பு வேணும்ல?" என்று ஒலேட்டாவிடம் சொல்லிவிட்டுப் போனை எடுத்தார்.

பையன் பெயர் ஹாரிஸ் டல்லி. ஒரே ஒரு பையோடு பஸ்ஸில் வந்து இறங்கினான். டாட்லாக் அவன் தோளில் கை போட்டு, உடைமாற்றும் அறைக்கு அழைத்துப்போய் விளக்குச் சரத்தைப் போட்டார். மழை நாள், மூலை சளசளத்தது.

"பாத்தியா தம்பி? நீர்வீழ்ச்சி. லீக்கே ஒத்துக்கிட்டது. மேக்னோலியாவுக்குச் சமம்."

டல்லி வாயைப் பிளந்தான். "எங்க காலேஜ்ல உடைமாத்துற இடத்துக்குக் கூரையே இல்ல கோச். புயல்ல போயிடுச்சு."

டாட்லாக் திடுக்கிட்டு இரண்டு பக்கமும் பார்த்தார்.

"ஐயையோ, உங்க பழைய கோச்கிட்ட, அதை யார்கிட்டயும் சொல்ல வேணாம்னு சொல்லு," என்றார், உண்மையான அக்கறையோடு. "திறந்தவெளி அருவின்னு எழுதி, இருக்கிற நல்ல ஆளையும் பிடுங்கிட்டுப் போயிடுவானுங்க, படுபாவிப் பயலுக."

சொல்லிக்கொண்டே பையனின் பையை வாங்கி ரிடிக்கின் அலமாரியில் வைத்தார்.