மேகத்தோடு பேசியவர் மாட்டிக்கொண்ட தாள்

நகரசபை வாசலில் மேகங்களோடு பேசுகிறவர் வந்து உட்கார்ந்து பத்து நாளாயிற்று. விவசாயிகள், செங்கல் சூளைக்காரர்கள், சலவைக்கடைக்காரர்கள் என்று ஊரே வரிசையில் நின்றது. அவர் வாசனை எண்ணெய் தடவிய தாடியை நீவிக்கொண்டு கண்ணை மூடுவார், மூக்கை உயர்த்துவார், "நாளை சாயங்காலம் மழை" என்பார். சொன்னபடியே பெய்தது. ஊர் அவரை மகான் என்றது. மேகத்துக்கு அவர்மேல் அத்தனை பாசமாம்.

இரண்டு வருஷமாகப் பருவம் தப்பிய மழையில் ஊர் நொந்துபோயிருந்தது. வடிகாலைத் தூர்வார ஒதுக்கிய நிதியில் இவருக்கு மேகமண்டபம் கட்டலாம் என்று சபை கிளம்பிவிட்டது. முடிவெடுக்க இன்னும் ஒரே நாள்.

மழைமானி பார்க்கும் குமாஸ்தா அம்மாவுக்கு வயிறு எரிந்தது. வடிகால் அடைத்து அவள் தங்கையின் தக்காளித் தோட்டம் இரண்டு தடவை அழுகியிருந்தது. இன்னொரு தடவை அழுகினால் தங்கை நிலத்தை விற்றுவிட்டுப் போக வேண்டியதுதான்.

வானிலை நிலையம் அனுப்பும் தாளை அவள் தினமும் நகரசபைப் படிக்கட்டுக்கு அடியிலுள்ள பலகையில் குத்துவாள். ஒரு ஈ காக்கா கூடப் படித்ததில்லை. ஆனால் பத்து நாளாகத் தாளின் ஓரத்தில் எண்ணெய்க் கறை, மகானின் தாடி வாசனையோடு. அன்று போன வருஷத்து அதே தேதித் தாளைத் தேடி எடுத்துக் குத்தினாள். வேறு யாராவது படித்து ஏமாந்துவிடுவார்களோ என்ற கவலையே அவளுக்கு இல்லை.

அன்று மாலை மகான் மூக்கை உயர்த்தினார். "நாளை காலை பத்து மணிக்கு ஆலங்கட்டி மழை."

மறுநாள் பத்து மணிக்குச் சபைத் தலைவர் உட்பட அத்தனை பேரும் தலையில் பாத்திரம் கவிழ்த்து முற்றத்தில் நின்றார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது.

"யாரோ சந்தேகப்பட்டிருக்காங்க. மேகம் கோவிச்சுக்கிச்சு," என்றார் மகான்.

"மேகத்தை ஏன் இழுக்கிறீங்க?" என்று குமாஸ்தா அம்மா தாளை நீட்டினாள். "தலைவரே, நேத்து நான் குத்தினது இது. படிங்க. கீழே வருஷத்தையும் பாருங்க."

தலைவர் படித்தார். காலை பத்து மணி, ஆலங்கட்டி மழை, போன வருஷம்.

"அப்ப இத்தனை நாள் இவர் சொன்னது?"

"நான் தினம் குத்தினதுதான். எல்லாருக்கும் சும்மா கிடைக்கிறது."

கூட்டம் திரும்பிப் பார்த்தபோது மகான் தெருமுனையைத் தாண்டியிருந்தார். தூர்வாரும் தீர்மானம் அங்கேயே நிறைவேறியது. அவள் கண் கலங்கிவிட்டது.

அதற்குள் சலவைக்கடைக்காரர் அவளை நோக்கிக் கைகூப்பினார். "தாயே, நாளைக்குத் துணி காயுமா? நீங்களே ஒரு வாக்கு சொல்லுங்க." அவர் பின்னால் வரிசை நீண்டது.

"பலகையில இருக்கு அண்ணே, போய்ப் படிங்க. அதுக்கு முன்னாடி தலையில இருக்கிற அந்தச் சட்டியை எடுங்க. உள்ளே இருக்கிறதுக்கும் கொஞ்சம் வேலை கொடுங்க."