மூன்று முறையும் வெள்ளைப் பூ

காவாந்தண்டலம்,
ஞாயிற்றுக்கிழமை.

மரியாதைக்குரிய திலகா அண்ணிக்கு, உங்கள் தம்பி மனைவி ஜெயப்பிரியா வணங்கி எழுதுவது. இங்கே உங்கள் தம்பியும் மகள் இளமதியும் சுகம். நான் சுகமாக இருக்கத் தகுதியில்லாதவள். ஏன் என்று போனில் சொல்ல வாய் வரவில்லை, வாட்ஸ்அப்பில் போட்டால் நீங்கள் படித்துவிட்டது உடனே தெரிந்துவிடும், அதனால் தபால்.

தாமலில் குடியிருக்கும் வீட்டை மாதக் கடைசியில் காலி செய்யச் சொல்கிறார்கள், எங்கள் மாடி அறைக்கு வரட்டுமா என்று கேட்டீர்கள். அம்மன் கோயிலில் பூ கட்டிப் பார்த்தோம், உத்தரவு கிடைக்கவில்லை என்று உங்கள் தம்பி சொன்னார். அவர் சொன்னது பொய்யில்லை. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இளமதி கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். வெள்ளை வந்தால் நீங்கள் வரலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். பொட்டலத்தில் ஒரு குற்றமும் இல்லை. எல்லோரும் ஒரு முறைதான் பார்ப்பார்கள். நான்தான் பக்தி முற்றியவளைப் போல, "பெரிய விஷயங்க, மூணு தபாவும் வெள்ளையே வந்தாத்தான் அம்மன் மனசார சொன்னதா அர்த்தம்" என்றேன். நான் கணக்கில் பட்டம் வாங்கியவள், அண்ணி. ஒரு முறை என்றால் பாதிக்குப் பாதி. இரண்டு என்றால் நாலில் ஒன்று. அது எனக்குப் போதவில்லை. நான்கு என்றால் பதினாறில் ஒன்று, ஆனால் பூசாரிக்கே சந்தேகம் வந்துவிடும். மூன்று என்றால் எட்டில் ஒன்று, பார்க்கவும் லட்சணமாக இருக்கும் என்று முந்தின நாள் தோசை வார்த்துக்கொண்டே முடிவு செய்துவிட்டேன்.

"இன்னாமே, புது வயக்கமா கீது?" என்றார் உங்கள் தம்பி. "படிச்சவங்க சொல்றாங்க, சரியாத்தான் இருக்கும்" என்றார் பூசாரி சடையப்பன். நான் அம்மனைப் பார்க்காமல் கோயில் மணியைப் பார்த்தேன். முதல் முறை வெள்ளை. இரண்டாவதும் வெள்ளை. எனக்குப் புடவை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நீங்கள் நாலரைக்கு எழுந்து பாத்திரம் உருட்டுவதும், ஃபிரிட்ஜைத் திறந்து "மூணு நாள் கொயம்ப இன்னாத்துக்குமே காப்பாத்திகினு கீற?" என்பதும் கண்முன்னே வந்தன. மூன்றாவது சிவப்பு. நான் விட்ட மூச்சில் விளக்கு ஆடியது. சடையப்பன் தலையைச் சொறிந்தார். "ரெண்டு தபா வான்னு சொல்லிட்டு இப்ப வேணாங்குதே, அம்மாவ யாரோ கொயப்பி வுட்டுக்கிறாங்க."

இப்போது நீங்கள் காஞ்சிபுரத்தில் முதியோர் இல்லம் விசாரிக்கிறீர்களாம். "அம்மனே வேணான்னப்புறம் நான் யார்கிட்டடா கோச்சிக்கிறது" என்றீர்களாம். அதைச் சொல்லிவிட்டு உங்கள் தம்பி பாதிச் சோற்றோடு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அம்மன் வேண்டாம் என்று சொல்லவில்லை அண்ணி. எட்டில் ஏழு பங்கு வேண்டாம் என்று நான் சொல்லிக்கொடுத்து, பழியை அவள் தலையில் வைத்தேன். வந்துவிடுங்கள். மாடி அறை உங்களுடையது.

ஆசீர்வாதம் கேட்க எனக்கு முகமில்லை. இளமதிக்கு மட்டும் அனுப்புங்கள்.

இப்படிக்கு, தலை நிமிராமல்,
ஜெயப்பிரியா.

பி.கு.: மாடிக் குழாய் சரியாக வேண்டும், இளமதிக்குப் பரீட்சை முடிய வேண்டும், உங்கள் தம்பிக்கு லீவும் கிடைக்க வேண்டும், எல்லாம் ஒன்றாகக் கூடிவருகிற நாளாகப் பார்த்து வந்தால் போதும். இதை எழுதிய பிறகுதான் திரும்பப் படித்தேன், மறுபடியும் மூன்று நிபந்தனை. கோடு போட்டு அடித்துவிட வேண்டும், கை வரவில்லை. நீங்களே அடித்துவிட்டு, கடிதம் கிடைத்த அன்றே பஸ் ஏறிவிடுங்கள்.