ஏழு திறன் பெற்ற மேலாளர்

உலக நிர்வாக வரலாற்றை எழுதப்போகிறவர் யாராயிருந்தாலும் சங்கரன்கோவில் ரயில் நிலையத்தில் ஒருமுறை இறங்கியே ஆகவேண்டும். தென்பகுதி விசைத்தறி நலக் கழகத்தின் முதுநிலை மேலாளர் சங்கரசுப்பு, சென்னையில் பயிற்சி முடித்து, ஏழு ‘தலைமைத் திறன்’களோடு அங்கேதான் வந்து இறங்கினார்.

மறுநாளே ஜரினா வந்தார். அவருடைய தறிக்கூடத்தின் உரிமம், சென்ற ஆண்டு இறந்துபோன கணவர் பெயரில் இருந்ததால் கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். பெயர் மாற்ற மேலாளரின் கையெழுத்து ஒன்று வேண்டும்.

“தறி நின்னு இருவது நாளாச்சு சார்.”

சங்கரசுப்பு பேனாவை மூடிவைத்தார். முதல் திறன், ‘ஆழ்ந்து செவிமடுத்தல்’. முக்கால் மணி நேரம் இமைக்காமல் கேட்டார். கண் உண்மையாகவே கலங்கியது.

“உங்க கஷ்டம் எனக்குப் புரியுதும்மா.”

“அப்ப கையெழுத்து?”

“அது ஏழாவது திறன், ‘துணிந்து முடிவெடுத்தல்’. இப்ப மொதல் திறன்தான் நடக்கு.”

இரண்டாவது திறனான ‘அனைவரையும் அரவணைத்தல்’ பொருட்டுக் கூட்டம் கூட்டினார். காவலாளி மூக்காண்டியிடமும் கருத்துக் கேட்டார்.

“கையெழுத்தப் போட்டுரலாம் சார்.”

“அருமையான கருத்து!” என்று அதை மஞ்சள் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார்.

மூன்றாவது, ‘தொலைநோக்கு’. இருபது வருடம் கழித்து அவருடைய தறி எப்படியிருக்கும் என்று ஜரினாவைக் கேட்டார்.

“இன்னிக்கு ஓடினாப் போதும் சார்.”

‘குறுகிய பார்வை’ என்று குறித்துக்கொண்டார்.

இப்படியே பத்து நாளில் ஏழாவது திறனும் வந்தது. பேனாவைத் திறந்தார். மறுபடி மூடினார். கையெழுத்திட்டால் தணிக்கை வரும். தணிக்கை வந்தால் விளக்கம் கேட்பார்கள். இருபத்தாறு வருட சர்வீஸில் அவர் துணிந்து கையெழுத்திட்டது வருகைப் பதிவேட்டில் மட்டும்தான். நல்லவேளை, மூன்று நாள் ‘மேம்பட்ட பயிற்சி’க்கு அழைப்பு வந்தது. நிம்மதியாக ரயிலேறினார்.

அந்த மூன்று நாளும் உதவி மேலாளர் ஜெயசித்ராதான் பொறுப்பு. பாவம், ஒரு திறனும் பெறாதவர். ஜரினாவின் மனுவைப் படித்தார், கையெழுத்திட்டார். தேங்கிக் கிடந்த மற்றக் கோப்புகளையும் அப்படியே முடித்தார். முதல் நாள் சாயங்காலமே ஜரினாவின் தறி ஓடியது.

தலைமையகம் அசந்துபோனது. சங்கரசுப்பு பயிற்சிக்கு வந்த மூன்றே நாளில் அவர் அலுவலகத்தில் ஒரு கோப்பும் பாக்கியில்லை! பயிற்சிக்கு இவ்வளவு பலனா? உடனே அவரை ஓராண்டுப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்தார்கள்.

வழியனுப்பு விழாவுக்கு ஜரினாவும் வந்து சால்வை போர்த்தினார்.

“நல்லாப் படிங்க சார். நீங்க அங்கனயே ரிட்டயர் ஆகணும்னு அஞ்சு வேளையும் துஆ கேக்குதேன்.”