குழிக்குள் இருந்த தவளை

சிவசைலம் பிள்ளை அடித்த பந்து மார்கழிப் பனிக்குள் புகுந்து, எங்கும் ஒதுங்காமல், நேராகக் கொடியைப் பார்த்துப் போனது. அதைக் கண்டதும் பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டார்.

“முருகா!” என்றார் வாய்க்குள்ளேயே.

பக்கத்தில் நின்ற பார்லோ துரை, “நல்ல அடி, பிள்ளை” என்றார். வாய்தான் அப்படிச் சொன்னது. முகம் வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்தது.

பிள்ளை தோற்பதற்காக வந்தவர். இருட்டோடு எழுந்து, கோட்டும் தலைப்பாகையும் மாட்டிக்கொண்டு, பாளையங்கோட்டைக்கு வெளியே ஆற்றை ஒட்டிக் கிடக்கும் இந்த மைதானத்துக்கு அவர் வந்து நின்றதே அதற்காகத்தான். துரைமார்கள் கோல்ஃப் என்று சொல்லும் இந்த ஆட்டத்துக்கு ஊர்க்காரர்கள் குழிப்பந்து என்று பெயர் வைத்திருந்தார்கள். வளைந்த தடியால் சின்னப் பந்தை அடித்து, தூரத்தில் கொடி நட்டிருக்கும் குழிக்குள் தள்ள வேண்டும். குறைந்த அடியில் எல்லாக் குழிகளையும் முடிப்பவருக்கு ஜெயம். பிள்ளைக்கு வேண்டியதோ நிறைய அடிகள்.

காரணம் பெல்லாரி. 1913ஆம் வருஷம் முடியும்முன், பிள்ளை வேலை பார்த்த சர்க்கார் கச்சேரியிலிருந்து யாரோ ஒரு குமாஸ்தாவை வடக்கே வெகுதூரத்தில் இருக்கும் பெல்லாரிக்கு மாற்றப் போவதாகப் பேச்சு கிளம்பியிருந்தது. யார் என்பதைக் கச்சேரிக்குப் பெரிய அதிகாரியான பார்லோ துரைதான் முடிவு செய்ய வேண்டும். இந்தச் சமயம் பார்த்துத் துரை குமாஸ்தாக்களை ஒவ்வொருவராகக் குழிப்பந்து ஆடக் கூப்பிட்டார். போன வாரம் நேசையா போனார். மிஷன் பள்ளியில் படித்த நேர்மையான மனுஷன். துரையைத் தோற்கடித்ததோடு நிற்காமல், “துரை அஞ்சுன்னு சொல்லுதிய, ஏழு அடிச்சிய” என்று கணக்கையும் திருத்திவிட்டு வந்திருந்தார். அன்றிலிருந்து கச்சேரியில் எல்லோரும் நேசையாவை வழியனுப்ப வந்தவர்களைப் போலவே பார்த்தார்கள். பெல்லாரியில் சட்டி பானை என்ன விலை என்று ஒருவர் அவரிடமே விசாரித்தார்.

மற்றவர்களுக்கு எப்படியோ, பிள்ளையால் பெல்லாரியை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. வண்ணாரப்பேட்டையில் பிறந்து, நாள் தவறாமல் தாமிரபரணியில் குளித்தவர் அவர். விடியும்முன் கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு, கண்ணை மூடி, பாதித் தூக்கத்தில் மிதப்பார். மருதமரத்து இலைகள் மேலே சலசலக்கும். பாபநாசத்து மலைக்குளிர் முதுகைத் தடவிக்கொண்டு போகும். உடம்பு எது, தண்ணீர் எது என்று தெரியாமல் போகும் அந்தக் கொஞ்ச நேரம்தான் அவருக்கு வாழ்க்கை. கச்சேரி, கோப்பு, சாப்பாடு எல்லாம் அடுத்த நாள் குளியல்வரை பொழுதை ஓட்டுவதற்கு. பெல்லாரியிலோ கிணற்று உப்புத் தண்ணீரைச் செம்பில் மொண்டு ஊற்றிக்கொள்வார்களாம். அதைக் கேட்ட அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

“தோக்கதுக்கு என்ன யோசனை?” என்று முதல்நாள் அவர் மனைவி பிரம்மநாயகி தைரியம் சொல்லியிருந்தாள். “இதுவரைக்கும் நீங்க எதுல ஜெயிச்சிருக்கிய, இதுல ஜெயிக்கதுக்கு?”

நியாயமான கேள்விதான். ஆனால் சின்ன வயதில் ஆற்று மணலில் பிள்ளை கிட்டிப்புள் ஆடியிருந்தார் என்பது அவளுக்குத் தெரியாது. அவருக்கே மறந்துபோயிருந்தது. தடியைப் பிடித்ததும் கைகளுக்கு மட்டும் ஞாபகம் வந்துவிட்டது.

முதல் குழியில் பிள்ளை ஜெயித்தார்.

தடிகள் அடங்கிய தோல்பையைச் சுமந்துகொண்டு கூடவே வந்த இஸ்ரவேல், துரையின் பட்லர். நடக்கிற சாக்கில் பிள்ளையின் காதருகே குனிந்தான். “அண்ணாச்சி, துரைக்கு மூக்கு செவக்குது. பைய, மெதுவா அடிங்க.”

“பையத்தான்வே அடிக்கேன். அதுவா ஓடுது!”

இரண்டாவது குழியில் பிள்ளை ஓர் உபாயம் செய்தார். கொடிக்கு எதிர்ப்பக்கம் நின்ற பனைமரத்தைக் குறிபார்த்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு அடித்தார். ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது பந்து பனையில் மோதித் திரும்பி, அவர் தலைக்கு மேலேயே பறந்து, கொடியைச் சுற்றியிருந்த எண்ணெய் தெளித்த மணல் வட்டத்தில் போய் விழுந்துகொண்டிருந்தது.

“இப்படியும் அடிக்கலாமோ!” என்றார் துரை.

“தெரியாமப் பட்டுட்டு துரை, மன்னிக்கணும்.”

மூன்றாவது குழிக்கு ஆற்றை நம்பினார். தண்ணீரில் விழுந்த பந்து எப்படித் திரும்பி வரும்? உள்ளதையெல்லாம் திரட்டி ஓங்கி அடித்தார். பனி கலைந்துகொண்டிருந்த ஆற்றை நோக்கிப் பந்து கொக்கோடு கொக்காகப் போய் மறைந்தது. பிள்ளைக்கு அப்பாடா என்றிருந்தது. அப்படியே நின்று ஆற்றைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க ஆட்டம் மறந்தது, துரை மறந்தார், காலுக்குக் கீழே மைதானமும் மெல்ல நழுவி ஓடுவது போலிருந்தது.

அந்தச் சுகத்தின் நடுவே கரையேறி வந்தது ஓர் எருமை. உடம்பெல்லாம் சேறு. முதுகுச் சேற்றில், பதித்து வைத்தது போல, பந்து. எருமை நிதானமாக மைதானத்தின் குறுக்கே நடந்து, கொடியருகே நின்று, உடம்பை ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தது. பந்து குழிக்குப் பக்கத்தில் விழுந்தது.

பின்னாலேயே வந்த எருமைக்காரி உலகம்மாள், “எய்யா, எருமை மேல முட்டைய வச்சது யாரு?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் எருமையை ஓட்டிக்கொண்டு போனாள்.

பந்து கிடக்கிற இடத்திலிருந்தே அடிக்க வேண்டும் என்று தொடக்கத்தில் விதி சொன்னவர் துரைதான். இப்போது மாற்றிச் சொல்ல வழியில்லை. அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். பனிக்காலத்தில் அவருக்கு வேர்த்திருந்தது.

“பிள்ளை, உமக்கு ஒன்று சொல்லுகிறேன்” என்றார் நடந்துகொண்டே. துரை தமிழ் படித்தது மிஷன் முன்ஷி ஒருவரிடம். ஆகவே அவர் வாயைத் திறந்தால் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் போல இருக்கும். “எங்கள் தேசத்தில் இந்த ஆட்டத்தைக் கூலிக்கு ஆடுகிறவர்கள் உண்டு, கௌரவத்துக்கு ஆடுகிறவர்களும் உண்டு. கூலிக்காரனுக்கு ஜெயமே பெரிது. கனவானுக்கோ ஒழுக்கமே பெரிது. ஒருவரும் காணாத இடத்தில் பந்து அசைந்தாலும், தன் குற்றத்தைத் தானே அறிக்கையிட்டு ஓர் அடியைக் கூட்டிக்கொள்ளுவான்.”

சொல்லி முடித்து, புதருக்குள் கிடந்த தம் பந்தைப் பூட்ஸ் முனையால் வெளியே தள்ளினார்.

பிள்ளை பார்த்துவிட்டார். பார்த்தது துரைக்குத் தெரிவதற்குள் சட்டென்று ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அங்கே என்ன பார்க்கிறீர்?”

“ஆறு துரை. காலங்காத்தால என்ன அழகாக் கிடக்கு, பாருங்க.”

துரை ஆற்றைப் பார்க்கவில்லை. பிள்ளையைத்தான் கொஞ்ச நேரம் பார்த்தார்.

பிள்ளையின் மனசில் வேறு வெளிச்சம் அடித்திருந்தது. குற்றவாளியே வந்து குற்றம் சாட்டிக்கொள்ளலாம், சாட்சி வேண்டாம், விசாரணை வேண்டாம், தண்டனை மட்டும் உடனே உண்டு. இப்படி ஒரு சட்டம் இருப்பது தெரியாமல் பனைமரத்தையும் எருமையையும் நம்பினோமே என்று தம்மையே நொந்துகொண்டார். கூடவே ஒரு சந்தேகமும் வந்தது. உத்தியோகத்துக்காக ஆடுகிற தாம் கூலிக்காரரா, கனவானா? தோற்பதற்குக் கூலி வாங்குகிறவனுக்கு அவர்கள் தேசத்தில் என்ன பெயரோ தெரியவில்லை.

நாலாவது குழியில் ஆரம்பித்தார்.

“துரை, என் வேட்டி நுனி பந்து மேல பட்டுட்டு. ஒரு அடி கூட்டிக்கிடுங்க.”

“நான் காணவில்லையே.”

“எனக்குத் தெரியுமே துரை.”

துரையின் முகம் முதன்முதலாக இளகியது. அதற்குப் பிறகு பிள்ளை வஞ்சனையில்லாமல் குற்றங்களை ஒப்புக்கொண்டார். பந்து அசைந்தது என்றார். மூச்சுக்காற்று பட்டது என்றார். தடியை ஓங்கும்போது மனசுக்குள் துரையின் பந்து புதரில் விழ வேண்டுமென்று நினைத்துவிட்டதாகச் சொல்லி அதற்கும் ஓர் அடி கூட்டிக்கொண்டார். அப்படி ஒரு விதி இல்லை என்று துரை சொல்லவில்லை. பந்தைத் துரையின் பூட்ஸ் தொடும்போதெல்லாம் பிள்ளை ஆற்றைப் பார்த்தார். எட்டு என்று தெரிந்த அடிகளைத் துரை ஐந்து என்றபோது, மருதமரத்தில் குருவி கத்துவதைக் காதால் கேட்டு ரசித்தார். வெயில் ஏறாத அந்தக் காலையில் எல்லாமே பாதிக் கனவாக, இதமாக நடந்துகொண்டிருந்தது.

இவ்வளவு செய்தும், துரை ஆடிய லட்சணத்தில், கடைசிக் குழிக்கு வரும்போது இருவரும் சமமாக நின்றார்கள். பிள்ளையின் குற்றங்களுக்குக்கூட ஓர் எல்லை உண்டு. துரையின் ஆட்டத்துக்கு அது இல்லை.

“இன்னும் ஏதாவது குத்தம் மிச்சம் இருக்கா அண்ணாச்சி?” என்று கிசுகிசுத்தான் இஸ்ரவேல்.

“எல்லாம் தீந்துபோச்சுவே” என்றார் பிள்ளை பரிதாபமாக.

துரை மணல் வட்டத்துக்குள் நின்று தட்டினார். பந்து குழியை ஒட்டிப் போய் நின்றுவிட்டது. அடுத்த தட்டில் உள்ளே போய்விடும். பிள்ளை தம் பந்தைக் குழியை விட்டு நன்றாக விலக்கித் தட்டினார். அது விலகித்தான் போனது. போய், ஒரு சின்ன மேட்டில் ஏறி, யோசித்து, திரும்பி, சரிவில் மெல்ல உருண்டு குழியை நோக்கி வரத் தொடங்கியது.

உள்ளே விழுந்தால் பிள்ளைக்கு ஜெயம். அந்தப் பந்து உருண்ட நேரம் அவருக்கு ஒரு யுகம். பந்துக்குப் பின்னால் ஆறு ஓடியது. பனி முழுக்கக் கலைந்து தண்ணீரில் வெயில் பட்டிருந்தது. இனி அந்தத் தண்ணீர் தமக்கில்லை. உப்புக் கிணறும் செம்பும் கண்முன் வந்தன. அடுத்த கணம் தலைப்பாகை ஒரு பக்கம் போக, பிள்ளை குப்புறப் பாய்ந்து, குழிவாயில் பந்தை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

இஸ்ரவேல் பையைக் கீழே போட்டான். துரை அசையவில்லை. கையால் பந்தைப் பிடிப்பவனை இந்த ஆட்டம் பிறந்த நாள் முதல் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

“என்ன இது, பிள்ளை?”

மணலில் கிடந்தபடியே பிள்ளை யோசித்தார். வாய் தானாகப் பேசியது.

“குழிக்குள்ள ஒரு தவளை இருக்கு துரை. பந்து விழுந்தாச் செத்துப்போயிரும். நாங்க சைவம், உயிரைக் கொல்லப்படாது. அதான்... தப்புதான். எத்தன அடி வேணும்னாலும் கூட்டிக்கிடுங்க.”

துரை குழியருகே வந்தார். முழங்காலை மடக்கி உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்தார். குழிக்குள் தவளையும் இல்லை, தவளைக்குஞ்சும் இல்லை. கொஞ்சம் மணல் இருந்தது. பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள் பெல்லாரிக்கு மூட்டை கட்டினார்.

துரை வெகுநேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆம்” என்றார் கடைசியில். “பெரிய தவளை.”

எழுந்து, தம் பந்தைத் தட்டி, அதே குழிக்குள் விழ வைத்தார். ஜெயித்துவிட்டார். பிறகு பிள்ளையைத் தூக்கி நிறுத்தி, கோட்டில் ஒட்டியிருந்த மணலைத் தம் கையாலேயே தட்டிவிட்டு, அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். துரையின் கண்கள் கலங்கியிருந்தன.

“பிள்ளை, நீர் உத்தமமான ஆட்டக்காரர். உம்மைப் போன்ற ஒருவரை நான் கண்டதில்லை. உம்மை மறக்கமாட்டேன்.”

வீட்டுக்குக்கூடப் போகாமல் பிள்ளை நேரே ஆற்றில் இறங்கினார். கழுத்தளவு தண்ணீரில் நின்று கண்ணை மூடினார். ஆறு அவரை அடையாளம் கண்டுகொண்டு சுற்றிப் பிடித்துக்கொண்டது போலிருந்தது. இனி உயிருள்ளவரை இந்தத் தண்ணீர், இந்த மருதமர நிழல். பாவம் நேசையா, நல்ல மனுஷன், போகும்போது அவருக்கு ஒரு நல்ல செம்பாக வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். அப்படியே கண் சொருகியது.

“அண்ணாச்சி! ஏ அண்ணாச்சி!”

கரையில் இஸ்ரவேல் மூச்சிரைக்க நின்றுகொண்டிருந்தான்.

“துரை உங்களைச் சாமான் சட்டெல்லாம் கட்டி வைக்கச் சொன்னாவ. பொங்கலுக்குள்ள பெல்லாரி போய்ச் சேரணுமாம்.”

பிள்ளைக்குக் கனவா நனவா என்று புரியவில்லை. “நேசையாவுக்குச் சொல்ல வேண்டியத எங்கிட்ட வந்து சொல்லுதியாவே?”

“அவாளுக்கு இங்கனதான் வேலை. உங்களைத்தான் சொன்னாவ.”

“ஏம்வே! நான்தான் தோத்துட்டேனே!”

இஸ்ரவேல் அவரை இரக்கத்தோடு பார்த்தான்.

“மாத்தல் வந்ததே நம்ம துரைக்குத்தான் அண்ணாச்சி. அங்கன போயிக் கூட ஆடுததுக்கு, நல்லாத் தோத்துக்குடுக்கத் தெரிஞ்ச ஒரு குமாஸ்தாவைத்தான் இத்தன நாளாத் தேடிக்கிட்டு இருந்தாவளாம்.”