சுய்யூ ஆன்டி கொடுத்த முதல் விலை

“ஒரு கிலோ மீன் வாங்கத் தெரியல, நீ லெப்டாப் வாங்கப் போறியா?” என்று என்னைக் கேட்டவர் பக்கத்து வீட்டுச் சுய்யூ ஆன்டி. கேட்கத் தகுதி உள்ளவர்தான். அவரை ஏமாற்றும் வியாபாரி கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்னும் பிறக்கவில்லை.

கேண்டனீஸில் சுய்யூ என்றால் ஆமை. பாசாரில், அதாவது சந்தையில், வியாபாரிகளுக்கோ, சுலபமாக ஏமாறும் வாடிக்கையாளர். சீனர் காய்கறிக் கடையில் பல வருடம் வேலை பார்த்த ஆன்டிக்கு அந்தப் பேச்சு அத்துப்படி. ஆனாலும் மீன் கடையில் ஒன்றும் அறியாதவர்போல நிற்பார். “பாஸ், இது மீனா?” என்பார். மீன்காரர் பக்கத்துக் கடைக்காரரிடம் “சுய்யூ வந்திருக்கு” என்று கேண்டனீஸில் சொல்லிவிட்டு விலையை ஏற்றுவார். தராசில் மீன் ஏறியதும் ஆன்டி வாயைத் திறப்பார்: “தோங் ஹாக் ஆ?” வாடிக்கையாளரையே வெட்டுகிறாயா என்று அர்த்தம். அதற்குப் பிறகு மீனோடு இஞ்சியும் இலவசமாக வரும்.

எங்கள் சாலாக் செலாத்தான் பாசாரில் எல்லாருக்கும் ஆன்டியின் முகம் தெரிந்துபோனது. தன்னை ஏமாற்ற ஆள் தேடி ஆன்டி செலாயாங், பந்திங் என்று பஸ் ஏறத் தொடங்கினார்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். திங்கட்கிழமை வகுப்பு. அம்மா ஆபீஸ் கூட்டிப் பெருக்கிச் சேர்த்த பணம் ஒரே ஒரு பழைய லெப்டாப்புக்குத்தான் காணும். ஏமாந்தால் அவ்வளவுதான். ஆன்டியை அழைத்துப் போனேன்.

கடையில் ஒரு சீனப் பையன். ஆன்டி ஒரு லெப்டாப்பைத் தட்டி, “பாஸ், இதுல நாடகம் தெரியுமா?” என்று மலாயில் கேட்டார்.

பையன் சிரிக்கவில்லை. “படிக்கத்தானே ஆன்டி? இது வேணாம், வீண் செலவு. அது போதும்” என்று பாதி விலையில் வேறொன்றைக் காட்டினான். அந்த ரகத்தில் அது ஒன்றுதான் இருந்தது.

ஆன்டியின் முகம் வெளிறியது. முதல் விலைக்கு எதையும் வாங்கியவரில்லை அவர். “வா, போலாம். பின்னாலயே கூப்பிடுவான் பாரு” என்று என்னை இழுத்தார்.

படிக்கட்டு வரை போய்விட்டோம். கூப்பிடவில்லை. திரும்பிப் பார்த்தால், யாரோ ஒருவர் அந்த லெப்டாப்பைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தார்.

“ஆன்டி!” என்றேன்.

ஆன்டி ஓடினார். ஒரு செருப்பு படிக்கட்டிலேயே தங்கிவிட்டது. “அது எங்களுது!” என்று கேண்டனீஸில் அவர் போட்ட சத்தத்தில் அந்த ஆள் லெப்டாப்பை வைத்துவிட்டு இரண்டடி பின்வாங்கினார். பேரமே இல்லாமல் என்னைப் பணம் கொடுக்கச் சொல்லிவிட்டு, ஆன்டி பையனைப் பிடித்துக்கொண்டார். “முதல் விலையே நியாய விலைன்னா நீ எப்படிடா பொழைப்ப?”

ரயிலில் ஆன்டி சொன்னார்: “பாவம் லா அந்தப் பையன். உன் பிரெண்ட்ஸ் எல்லாரையும் அங்கயே அனுப்பு.”

இப்போது சட்டம் படிக்கிறேன். போன வாரம் பயனீட்டாளர் புகார்களைக் கவனிக்கும் அலுவலகம் ஒன்றில் பயிற்சிக்கு விண்ணப்பித்தேன். ‘முன் அனுபவம்’ என்ற கட்டத்தில், ‘சுய்யூ ஆன்டியோடு ஆறு வருடம் பாசாருக்குப் போயிருக்கிறேன்’ என்று எழுதி அனுப்பிவிட்டேன்.