எண்பத்தைந்தோடு நின்ற முள்

“ஐயா, நான் தொண்ணூத்தி மூணுல போயிருக்கவே முடியாது. என் வண்டியில எண்பத்தஞ்சுக்கு மேல நம்பரே கிடையாது!”

ஆர்வில் ஹாகன் இதைச் சொல்லிவிட்டு, கேஸ் முடிந்தது என்ற தோரணையில் நின்றார். அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் அந்தச் சின்ன ஊர்க் கோர்ட்டில் அன்று மொத்தம் நான்கே பேர். ஆர்வில், நீதிபதி ஷ்ரோடர், கேஸ் போட்ட இளம் போலீஸ்காரன் டுவேன், மூலையில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த குமாஸ்தா ஐலீன் அம்மாள்.

“நம்பர் எங்கய்யா போச்சு?” என்றார் நீதிபதி.

“வாஷிங்டன்ல எடுத்துட்டாங்க. பெரிய நம்பரைப் பாத்தா ஜனங்களுக்கு ஓட்டிப் பாக்க ஆசை வருதாம். அதனால எண்பதாம் வருஷ மாடல்லேருந்து ஸ்பீடோமீட்டர் எண்பத்தஞ்சு மைலோட சரின்னு சட்டம். இல்லாத நம்பருக்கு நான் எப்படிய்யா போவேன்?”

“என் வீட்டு எடை பாக்கற மெஷின் இருநூத்தம்பது பவுண்டோட நின்னுடும். என் மச்சினன் நிக்கலையே!”

ஐலீன் அம்மாள் பின்னுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். ஆர்வில் சிரிக்கவில்லை. அவர் பள்ளிக்கூட பஸ் டிரைவர். தொண்ணூறைத் தாண்டியவன் யாராக இருந்தாலும் ஆறு மாதத்துக்கு லைசென்ஸைப் பிடுங்கிவிடுவது ஷ்ரோடரின் வழக்கம். தொண்ணூறுக்குள் என்றால் அபராதத்தோடு போய்விடும். லைசென்ஸ் போனால் வேலையும் போச்சு.

உள்ளதைச் சொன்னால், அன்றைக்கு எவ்வளவு வேகம் போனோம் என்று அவருக்கே தெரியாது. புது வண்டி. இரண்டு பக்கமும் சோளக்காடு, நேர்கோடாய்க் காலிச் சாலை. முள் எண்பத்தைந்தில் போய்ச் சாய்ந்துகொண்டது. அதற்குமேல் எவ்வளவு என்பது அந்தக் கடவுளுக்கே வெளிச்சம். ஐம்பத்திரண்டு வயதில் முதல்முறையாகச் சந்தோஷமாக இருந்தது, அவ்வளவுதான்.

டுவேன் எழுந்தான். “வேகம் பாக்கற ரேடார் ரிப்பேர்ல இருக்கு ஐயா. ரெண்டு மைல் பின்னாலயே போய், என் வண்டி மீட்டரைப் பாத்துத்தான் எழுதினேன். தொண்ணூத்தி மூணு.”

ஆர்வில் அந்த இடத்தில் வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. “ஐயா, இந்த வண்டிக்குத் தெம்பே கிடையாது! தரையோட மிதிச்சாலும் எண்பத்தஞ்சைத் தாண்டாது!”

“ஓ, தரையோட மிதிச்சுப் பாத்திருக்கியா?”

“இல்ல... பொதுவாச் சொன்னேன்.”

ஷ்ரோடருக்கு எதையும் நேரில் பார்த்தாக வேண்டும். கண்காட்சியில் பேரிக்காய்க் கேக் போட்டியில் தகராறு வந்தபோது பதினாலு கேக்கையும் தானே தின்று தீர்ப்புச் சொன்ன மனிதர். “வியாழக்கிழமை மூணு மணிக்கு வண்டியைக் கொண்டு வா. இன்னும் திறக்காத புது ரோடு இருக்கே, அங்க போவோம். நீ மிதி, நான் பக்கத்துல உக்காந்து பாக்கறேன்.”

ஆர்வில் கோர்ட்டிலிருந்து நேராக மெக்கானிக் லானியிடம் ஓடினார்.

“இதென்ன பிரமாதம்!” என்றான் லானி. “மீட்டர் கேபிள் நுனியில சின்னப் பல்சக்கரம் ஒண்ணு இருக்கும். அதை மாத்திட்டா முள்ளு முன்னால ஓடும். அம்பதுல போனா எண்பத்தஞ்சு காட்டும்.”

“அவர் என் காலைப் பாப்பாரேடா! தரையோட மிதிச்சா வண்டி பறக்குமே?”

“பெடலுக்கு அடியில ஒரு மரக்கட்டை. மேல கால்மிதியைப் போட்டு மூடிடலாம். பாதியிலயே தரை வந்துடும்.”

பல்சக்கரம் மாறியது. கட்டையும் ஏறியது. ஆர்வில் சீட்டியடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மனைவி வெர்னாவோடு சர்ச்சுக்குக் கிளம்பினார். முள் ஐம்பத்தைந்து காட்டியது. வண்டி உண்மையில் முப்பத்திரண்டில் போனது. பின்னால் ஏழெட்டு கார்கள் ஹாரன் அடித்தன. கொஞ்ச நேரத்தில் கார்களில் வந்த ஒரு சவ ஊர்வலமே அவர்களை முந்திக்கொண்டு போனது.

“ஆர்வில், பொணம் நம்மளைத் தாண்டிப் போகுது.”

“அவங்களுக்கு என்ன அவசரமோ!”

வெர்னா மீட்டரை எட்டிப் பார்த்தாள். சட்டம் அனுமதிக்கிற அதே ஐம்பத்தைந்து. அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. “கடைசியில உனக்கும் புத்தி வந்துடுச்சு! ஊரே தறிகெட்டு ஓடறப்ப நீ ஒருத்தன்தான் ஒழுங்கா ஓட்டற” என்று சொன்னதோடு நிற்காமல், சர்ச்சில் காப்பி குடிக்கும்போது எல்லோரிடமும் பீற்றிக்கொண்டாள். கேஸ் விஷயம் அவளுக்குச் சின்ன அபராதம் என்ற அளவில்தான் தெரியும்.

வியாழன் வந்தது. ஆர்வில் லீவு போட்டிருந்ததால், மாற்று டிரைவராக இருந்த வெர்னா அன்று பஸ்ஸை எடுத்தாள். டுவேன் புது ரோட்டின் வாயிலில் காவலுக்கு நின்றுகொண்டான். நீதிபதி பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

“மிதிய்யா!”

ஆர்வில் மிதித்தார். கால் கட்டையில் போய் முட்டியது. முள் குடுகுடுவென்று ஏறி எண்பத்தைந்தில் நின்றது.

“அட, நிஜமாவே நிக்குதே!” என்றார் ஷ்ரோடர். “ஆனா காத்தே அடிக்கலையே. வேலிக்கம்பத்தை எல்லாம் எண்ணலாம் போல இருக்கு.”

“சஸ்பென்ஷன் அப்படிங்க. சொகுசு.”

“சபாஷ். சரி, நீ சொன்னதை நான் ஒத்துக்க...”

அப்போதுதான் பக்கத்துப் பழைய ரோட்டில் மஞ்சள் பஸ் ஒன்று வந்தது. வந்தது, சமமாக ஓடியது, அலுங்காமல் குலுங்காமல் முந்தியது. பின் கண்ணாடியில் முப்பது பிள்ளைகள் நாக்கை நீட்டிப் பழிப்புக் காட்டின.

ஷ்ரோடரின் முகம் சிவந்துவிட்டது. “நாம எண்பத்தஞ்சுல போறோம். அது நம்மளைத் தாண்டுதுன்னா தொண்ணூத்தஞ்சாவது இருக்கும்! முப்பது குழந்தைங்களை வெச்சுக்கிட்டு! எவன் ஓட்டறான் அதை?”

ஆர்வில் பஸ்ஸைப் பார்த்தார். அவர் தினமும் ஓட்டுகிற பஸ்; இன்று அதில் வெர்னா.

“லைசென்ஸ் மட்டுமில்ல, ஜெயிலுக்கே அனுப்பறேன் அந்த ஆளை! யாருய்யா அது? உங்க பஸ்தானே?”

வெர்னா முப்பது வருஷமாக ஸ்டாப் போர்டு இருந்தால் நடந்து போகும்போதுகூட நின்று பார்த்துவிட்டுப் போகிறவள். ஆர்வில்லுக்குத் தன் லைசென்ஸ், தன் வேலை எல்லாம் ஒரு நொடி கண்முன் வந்தன. வண்டியை ஓரம் கட்டினார். குனிந்து, கால்மிதியைத் தூக்கி, கட்டையை உருவி நீதிபதியின் மடியில் வைத்தார்.

“அவ அம்பத்தஞ்சுலதான் போறா ஐயா. நாமதான் அம்பதுல போறோம். பல்சக்கரத்தையும் மாத்தியிருக்கேன். அவளை ஒண்ணும் பண்ணிடாதீங்க. என் பொண்டாட்டி.”

ஷ்ரோடர் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பொண்டாட்டிக்காக ஒத்துக்கிட்டே பாரு, அதுக்காக இந்தக் கட்டையை நான் பாக்கலைன்னு வெச்சுக்கறேன். ஆனா தொண்ணூத்தி மூணு தொண்ணூத்தி மூணுதான். குத்தம்னு ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடு. ஆறு மாசம்.”

“பஸ்ஸு?”

“உன் பொண்டாட்டி ஓட்டட்டும். நல்லாத்தான் ஓட்டறா.”

நாலரை மணிக்கு ஆர்வில் கோர்ட்டில் இருந்தார். மூன்று இடத்தில் கையெழுத்து. ஐலீன் அம்மாள் பொறுமையாக ஒவ்வொன்றிலும் முத்திரை குத்தி, லைசென்ஸை வாங்கி மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார். ஆர்வில்லுக்கு அழுகையே வந்துவிட்டது.

“இனி எதையும் மாத்த முடியாதுல்ல?”

“முத்திரை விழுந்துடுச்சேப்பா. முடியாது.” ஐலீன் அம்மாள் ஸ்வெட்டரைப் பையில் திணித்தபடி ஜன்னல் வழியே பார்த்தார். வெளியே டுவேன் போலீஸ் வண்டியோடு அந்த அம்மாளுக்காகக் காத்திருந்தான். “அன்னிக்கே கேக்கணும்னு நெனச்சேன் ஆர்வில். தினம் சாயங்காலம் டுவேன்தான் என்னை வீட்ல கொண்டுபோய் விடறான். அவன் வண்டி மீட்டரும் எண்பத்தஞ்சோட முடிஞ்சு போயிடுதே, தொண்ணூத்தி மூணை எதுல பாத்தேன்னு நீ ஏன் அவனைக் கேக்கவே இல்ல?”