நாங்கு மரத்தில் வாடகைப் பலகை

ஒரு காட்டில் மரங்கள் ஆயிரம் இருந்தன. ‘வீடு வாடகைக்கு’ என்று எழுதிய பலகைகள் ஆயிரத்து இருநூறு இருந்தன. கணக்கு உதைக்கிறதே என்று கேட்பவர்கள் வாடகைக்கு வீடு தேடி அலையாதவர்கள். கொடுத்து வைத்தவர்கள், உட்கார்ந்து கதையைக் கேட்கட்டும்.

அத்தனை பலகையும் மாசானம் என்ற மரநாயுடையது. மாசானம் வீட்டுத் தரகர். வீடு காலியானால் பலகை மாட்டுவார், அது நியாயம். ஆள் குடிவந்த பிறகும் கழற்ற மாட்டார், அதுதான் தொழில். பலகையைப் பார்த்து வருகிறவரிடம், “அடடா, இது இப்பத்தான் முடிஞ்சுது, வாங்க, இதவிட நல்லதா ஒண்ணு இருக்கு” என்று தோளில் கைபோட்டு அழைத்துப் போய், ஏதாவது ஒழுகுகிற பொந்தைத் தலையில் கட்டிவிடுவார்.

வனப் பஞ்சாயத்தும் சும்மா இருக்கவில்லை, சட்டம் போட்டது. ஒரு மரத்துக்கு ஒரு பலகைதான். அது இரண்டு சாண் அகலத்துக்கு மேல் போகக் கூடாது. வீடு முடிந்த பதினாலு நாளில் கழற்றிவிட வேண்டும். அடுத்தவர் பலகையில் கைவைத்தால், வைத்தவரின் கூடு பறிமுதல். இந்த நாலில் கடைசி ஒன்றுதான் எல்லோருக்கும் மனப்பாடமாக இருந்தது.

இப்படிப்பட்ட காட்டுக்குத்தான் கொம்பையா என்ற இருவாச்சிப் பறவை, மனைவி மாடத்தியோடு குடிவந்தார். நாங்கு மரத்தில் உயரமான பொந்து, நல்ல காற்றோட்டம், கூப்பிடு தூரத்தில் அத்திமரம். இருவாச்சிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலத்தில் பெண் பொந்துக்குள் போய் வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டுவைக்கும். மூன்று மாதம் ஆண்தான் அந்தக் கீறல் வழியாகப் பழம் ஊட்ட வேண்டும். மாடத்தியும் உள்ளே போய் அடைத்துக்கொண்டாள். கொம்பையா மேல்கிளையில் தூங்கி, விடிந்ததும் பழம் சுமந்தார். மாசானத்தின் பலகை ஓரமாக ஒரு கொம்பில் அது பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது.

இருபதாம் நாள் கொம்பையா வாய் நிறைய அத்திப்பழத்தோடு வந்தால், கீறலைக் காணோம். பலகை பாதையிலிருந்து சரியாகத் தெரியவில்லை என்று மாசானம் அதை எடுத்து நட்டநடு வாசலில் ஆணி அடித்துவிட்டுப் போயிருந்தார்.

பலகைக்குப் பின்னாலிருந்து மாடத்தியின் குரல் வந்தது. “ஏங்க, திடீர்னு இருட்டிட்டு. மழை வருதோ?”

“மழை இல்லட்டி. வெளம்பரம்.”

பலகைக்கு அடியில் கொஞ்சம் இடைவெளி இருந்தது. பொடிப் பழங்கள் மட்டும் அதில் நுழைந்தன. அத்திப்பழத்தைத் தள்ளினால் நசுங்கி மரத்தில் வழிந்தது. எறும்புகளுக்குக் கல்யாணச் சாப்பாடு, மாடத்திக்கு அரைவயிறு. முட்டை பொரிய நாலைந்து நாள்தான் இருந்தது. பொரிந்தால் இன்னொரு வாய். கொம்பையா பலகையையும் தன் பெரிய அலகையும் மாறிமாறிப் பார்த்தார். அந்த அலகால் ஒரு நெம்பு நெம்பினால் பலகை பறந்துவிடும். ஆனால் கூடு பறிமுதல் என்றால் மாடத்தி எங்கே போவாள்? உள்ளே போனதும் சிறகை உதிர்த்துவிட்டிருந்தாள், பறக்கக்கூட முடியாது.

முதலில் மாசானத்தைப் போய்க் கெஞ்சினார்.

“கழட்டக் கூடாதுன்னு இல்ல அண்ணாச்சி,” என்றார் மாசானம். “கழட்டினா, மாசானம் நொடிச்சுப் போயிட்டான்னு காடு பூராவும் பேசும். உங்களுக்குப் போறது ஒரு நேரச் சாப்பாடு. எனக்குப் போறது மானம்லா?”

அடுத்து பஞ்சாயத்து அலுவலகம். அரைநாள் வரிசையில் நின்று ஜன்னலை எட்டினார். உள்ளே ஒரு தேவாங்கு உட்கார்ந்திருந்தது.

“வீடு முடிஞ்சு எத்தன நாளாச்சு?”

“இருபது நாள் ஐயா.”

தேவாங்கு உருண்டைக் கண்ணை இன்னும் விரித்தது. “பதினாலு நாள்ல கழட்டியிருக்கணுமே! சட்டம் உம்ம பக்கம்தான்வே.” கொம்பையா சந்தோஷத்தில் சிறகைத் தட்டினார். தேவாங்கு தொடர்ந்தது. “குடியிருக்கவங்க நேர்ல வந்து மனுவுல கையெழுத்துப் போடணும். நீரு எங்க தூங்குதீரு?”

“மேல்கிளையில.”

“அப்ப நீரு குடியிருக்கவர் இல்ல. பொந்துல யாரு?”

“என் பொஞ்சாதி. உள்ள அடைச்சிருக்கா.”

“வெளிய வந்ததும் கூட்டிட்டு வாரும்.”

“வெளிய வர இன்னும் ரெண்டு மாசத்துக்கு மேல ஆகுமே ஐயா!”

“அவசரமில்ல வே. ஆபீஸ் எங்கயும் ஓடிராது.”

மறுநாளும் போனார். வரிசை அத்திமரம் வரை நீண்டிருந்தது. பக்கத்து ஜன்னலில் ஒரு ஈ காக்கை இல்லை. எல்லா ஜன்னலும் ஒன்றுதானே என்று அங்கே போய் நின்றார். அது ‘பலகை வைக்க அனுமதி’ கொடுக்கும் ஜன்னல். சட்டம் போட்ட நாள்முதல் ஒருவரும் அங்கே எட்டிப் பார்த்ததில்லை; மாசானம் எதற்கும் அனுமதி கேட்டுப் பழக்கமில்லாதவர். உள்ளே இருந்த முள்ளம்பன்றிக்கு ஆளைப் பார்த்ததில் தலைகால் புரியவில்லை; கேள்வி கேட்டு, வந்த பதிலை உரக்கச் சொல்லியபடியே எழுதிக்கொண்டது.

“பேரு? கொம்பையா. மரம்? நாங்கு. பலகை விஷயமாத்தான வந்தீரு?”

“ஆமா ஐயா, பலகை விஷயம்தான்.”

டமார் டமார் என்று முத்திரை விழுந்தது. கொம்பையா சுதாரிப்பதற்குள் அவர் கையில் அனுமதிச் சீட்டும், ‘வீடு வாடகைக்கு - அணுகவும்: கொம்பையா’ என்று எழுதிய புத்தம்புதுப் பலகையும் இருந்தன.

பேயறைந்த மாதிரி வீடு திரும்பினார். நடந்ததைச் சொல்லி அழுதார். உள்ளே யோசிப்பதைத் தவிர வேறு வேலை இல்லாத மாடத்தி கேட்டாள்.

“ஒரு மரத்துக்கு ஒரு பலகைதான? ரெண்டாச்சுன்னா?”

“அனுமதி வாங்குனது நிக்கும்னு சீட்டுலயே போட்டிருக்கு. வாங்காதத பஞ்சாயத்தே வந்து பிடுங்கும்.”

“பெறகு என்னத்துக்கு அழுதீங்க? மாட்டுங்க!”

மாட்டினார். ஒரே மரத்தில் இரண்டு பலகை என்று பஞ்சாயத்தில் சொல்லிவிட்டும் வந்தார். ஒரு மணி நேரத்தில் இரண்டு மலையணில்கள் கடப்பாரையோடு வந்து மாசானத்தின் பலகையைப் பெயர்த்துக்கொண்டு போயின. கீறல் தெரிந்தது. முதல் அத்திப்பழம் உள்ளே போனபோது மாடத்தி சிரித்த சிரிப்பைக் கேட்டுக் கொம்பையா சின்னப் பிள்ளை மாதிரி கிளையில் குதித்தார்.

கதை இத்துடன் முடிந்திருந்தால், சட்டத்தை நம்பினோர் கைவிடப்படார் என்று எழுதிப் பாடப்புத்தகத்துக்கு அனுப்பியிருக்கலாம். முடியவில்லையே.

இரண்டு நாள் கழித்து ஒரு மைனா தம்பதி பலகையைப் பார்த்து வந்து, “புரோக்கர் அண்ணாச்சி இருக்காங்களா?” என்று கேட்டது. அண்ணாச்சி! கொம்பையாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. “இது முடிஞ்சு போச்சு,” என்றார். போகிறவர்களைப் பார்த்து மனம் கேட்காமல், “வாங்க, இதவிட நல்லதா ஒண்ணு இருக்கு” என்றும் சொன்னார். அதன்பிறகு ஆந்தை வந்தது, உடும்பு வந்தது. குஞ்சு பொரிந்தது. பதினாலு நாள் ஆனது, இருபதும் ஆனது.

“பலகையக் கழட்டுங்க. அதான் வேல முடிஞ்சுதுல்லா,” என்றாள் மாடத்தி.

“இருந்துட்டுப் போகட்டும் புள்ள. கழட்டினா, கொம்பையா நொடிச்சுப் போயிட்டான்னு பேசுவாங்க.”

காலைப் பழம் மத்தியானம் வந்தது. மத்தியானப் பழம் சாயங்காலம் வந்தது. சாயங்காலப் பழத்தை அண்ணாச்சி வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டே தானே தின்றுவிட்டார். உள்ளே குஞ்சு பசியில் வீறிட்டது. மாடத்திக்கு வந்த கோபத்தில் பூசிய மண் தானாக உதிர்ந்திருக்க வேண்டும். உதிரவில்லை; அவள் கீறல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் பொழுது சாய்கிற நேரத்தில் கொம்பையா வீடு வந்தார். மேல்கிளையில் கருமந்திக் குடும்பம் ஒன்று, மொத்தம் பதினோரு பேர், வாலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தது.

“யாரு வே? வீடு பாக்க வந்தீரா? முடிஞ்சு போச்சு,” என்றது அதில் பெரிய மந்தி.

“இது என் கிளை!”

“பலகையில வாடகைக்குன்னு போட்டிருக்கு. கீழ் போர்ஷன் அம்மா, மாடி போர்ஷன் காலின்னு சொன்னாங்க. தண்ணி வருமான்னு கேட்டோம், மழை பெஞ்சா வரும்னாங்க. ஓனர் தொந்தரவு உண்டான்னு கேட்டோம், அவரு வீட்ல தங்குறதே இல்லன்னாங்க.”

கொம்பையா கீறலுக்குப் பாய்ந்தார். “ஏட்டி, என்ன காரியம் பண்ணிட்ட!”

“நீங்க எழுதி மாட்டியிருக்கது பொய்யாயிரக் கூடாதுல்லா?” என்றாள் மாடத்தி. “பழம் எங்க?”

பெரிய மந்தி ஒரு கிளை கீழே இறங்கி வந்தது. “ஓ, ஓனர் நீருதானா? அந்தப் பலகையக் கழட்டும். எவனாவது கதவத் தட்டினா பிள்ளைக முழிச்சிரும்.”

“பதினாலு நாள் டைம் இருக்கு,” என்றார் கொம்பையா, புரோக்கர் குரலில்.

பதினோரு வாய் ஒன்றாகத் திறந்து பல்லைக் காட்டின. கொம்பையா பலகையைக் கழற்றினார். ஆணியையும் மறக்காமல் பிடுங்கினார்.

தூங்க இடமில்லாததால் அன்றுமுதல் அவர் படுக்கை அத்திமரத்திலேயே ஆகிவிட்டது. கண்விழித்தால் முகத்துக்கு நேரே பழம். மூன்று வேளையும் நேரம் தவறாமல் போய்ச் சேர்ந்தது. குஞ்சு கொழுகொழுவென்று வளர்ந்தது. காட்டிலேயே பலகை இல்லாத ஒரே மரம் என்று நாங்கு மரத்தைப் பஞ்சாயத்து தன் சாதனைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

நீதி: பலகையை இறக்கச் சட்டம் போட்டுப் பயனில்லை, மாட்டியவர் படுக்கிற இடத்தில் பதினோரு பேரைக் குடிவைத்தால் போதும்.